வீட்டுக் கணினிக் கோப்புகளுக்கு எந்த கிளவுட் பேக்கப் சேவை நல்லது? கூகுள் டிரைவ் போதாதா?

போதாது. கூகுள் டிரைவ் மட்டம் என்று சொல்ல வரவில்லை, நானும் தினமும் அதில்தான் வேலை செய்கிறேன். ஆனால் அதன் வேலை வேறு: ஓரிடத்தில் செய்த மாற்றத்தை எல்லாக் கருவியிலும் அப்படியே செய்வது, அதாவது சிங்க். பேக்கப் என்பது பழைய நகலைத் தனியாக எடுத்து வைப்பது. உங்களிடம் குடும்பப் படங்களும் பத்திரங்களின் ஸ்கேனும் இருக்கும், இலவச 15 ஜிபிக்குள் எப்படி அடக்குவது என்று பார்க்கிறீர்கள் என நினைக்கிறேன். அந்த 15 ஜிபியில் ஜிமெயிலும் போட்டோக்களும் பங்கு கேட்கும். ஒன்டிரைவ் இலவசமாகத் தருவது 5, டிராப்பாக்ஸ் 2. ஆனால் இடத்தைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று.

நான் சேலம் அம்மாப்பேட்டையில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவன். கரை, முந்தி, புட்டா எல்லாம் இப்போது கணினியில்தான். கட்டம் கட்டமாக நிரப்பிக் கோப்பைக் கொடுத்தால் அதை வைத்து ஜக்கார்டு அட்டை, அதாவது தறியில் டிசைனை நெய்ய வழிகாட்டும் துளையிட்ட அட்டை, அடிப்பார்கள். ஒரு கட்டம் பிசகினாலும் அன்னத்தின் கழுத்தில் பொட்டு விழுந்துவிடும்.

ஓர் ஆடி மாதம் அக்கா மகன் மாடியில் இருந்த பழைய லேப்டாப்பில் விளையாட்டு ஏற்ற இடம் தேடியிருக்கிறான். 'கரை - பழையது' என்ற ஃபோல்டர் மொத்தமும் போனது. சிங்க் ஆகும் ஃபோல்டர் என்பதால் என் கணினியிலும் செல்பேசியிலும் சத்தமில்லாமல் காலி. தீபாவளி வேலை சூடு பிடித்தபோது பொன்னம்மாப்பேட்டை முதலாளி ஒருவர் வந்து, "தம்பி, அந்த அன்னப்பட்சிக் கரையையே போடு, நிறம் மட்டும் மாற்று" என்றார். தேடினால் இல்லை. டிரைவின் குப்பைத் தொட்டி 30 நாள்தான் வைத்திருக்கும். பையனைக் கேட்டேன். "பழைய ஃபைல்தானே மாமா" என்றான்.

நான் தனியாகக் காசு கட்டி ஒரு பேக்கப் சேவையும் வைத்திருந்தேன். 'வருஷா வருஷம் காற்றுக்குப் பணம் கட்டுகிறான்' என்று மச்சான் கேலி பேசிய அதே சேவை. இணையத்தில் உள்ளே போய், தேதியை ஆனிக்கு நகர்த்தினேன். ஃபோல்டர் அன்றிருந்தபடியே வந்து நின்றது. டிக் செய்து இறக்கினேன், சாயங்காலமே கோப்பு அட்டை அடிப்பவரிடம் போய்விட்டது. மச்சானுக்கு எதிரிலேயே இறக்கினேன் என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

ஆகவே விலைப் பட்டியலைப் பார்க்கும் முன், அழித்த கோப்பை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று பாருங்கள். பேக்பிளேஸ் என்ற பேக்கப் சேவையில் ஓராண்டு வரை பழைய பதிப்பு கிடைக்கிறது. சிலவற்றில் மாதக் கணக்குதான். அடுத்தது உங்கள் வீட்டு இணையம். இறக்கும் வேகத்தைக் காட்டித்தான் விற்கிறார்கள், ஏற்றும் வேகத்தைக் கேட்டால் மழுப்புவார்கள். நொடிக்கு 2 மெகாபிட் ஏறினால் 100 ஜிபி போய்ச்சேர இரவு பகலாக நாலரை நாளுக்கு மேல் ஆகும். சொந்தச் சாவி, அதாவது உங்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியச் சொல், போட்டுப் பூட்டும் வசதி இருந்தால் அந்தச் சாவியைக் காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். அது தொலைந்தால் கம்பெனிக்காரனாலும் திறக்க முடியாது.

'ஹார்ட் டிஸ்க் வாங்கினால் முடிந்தது, இதெல்லாம் விளம்பரம்' என்று வரப்போகிறவர்களுக்கு: எனக்கு யாரும் கமிஷன் தரவில்லை. ஹார்ட் டிஸ்க்கும் வேண்டும்தான். கிளவுட் சேவையும் நின்றுபோகலாம்; கிராஷ்பிளான் என்ற பேக்கப் கம்பெனி வீட்டுச் சேவையை 2018இல் மூடியே விட்டது. ஆனால் கணினிக்குப் பக்கத்திலேயே இருக்கும் டிஸ்க், இடி இறங்கினால் கணினியோடு சேர்ந்து போகும். 'கணக்கை ஏன் பையனிடம் கொடுத்தாய்' என்று கேட்பவர் கூட்டுக்குடும்பத்தில் இருந்து பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

ஆனால் எந்த பேக்கப்பும் காப்பாற்றாத ஒன்று இருக்கிறது. புதுக் கரை நெய்து சேலை கடைக்குப் போனதும் யாரோ வாட்ஸப்பில் படம் போடுகிறார்கள். கொஞ்ச நாளில் அதே கரை விசைத்தறியில் ஓடுகிறது, வரைந்தவனுக்கு ஒரு பைசா கிடையாது. டிசைன் சட்டம், 2000இன்படி பதிவு செய்தால் 10 ஆண்டு உரிமை, மேலும் 5 ஆண்டு நீட்டலாம். ஆனால் வெளியே காட்டும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். முதலாளியோ நாளைக்கே தறியில் ஏற்ற வேண்டும் என்கிறார். பதிவு செய்வோம் என்று வாய் திறந்தால், "உனக்கெதற்குத் தம்பி அந்த வேலை, கூலியை வாங்கிக்கொண்டு போ" என்கிறார். அவருடைய பழைய கரைகளும் என் பேக்கப்பில்தான் இருக்கின்றன, அதற்கும் நான்தான் காசு கட்டுகிறேன்.