அதே சொல், வேறு வாய்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெங்களூரிலிருந்து கோவைக்குக் குடிவந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. எங்கள் அடுக்ககச் சங்கக் கூட்டத்தில், வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் பொருத்தலாம் என்றேன். லாரித் தண்ணீர்ச் செலவுக் கணக்கை அச்செடுத்துக் கொடுத்தேன். “பெங்களூரில் நாங்கள் இப்படித்தான் செய்தோம்” என்று விளக்கினேன். யாரும் தாளைப் புரட்டவில்லை. இரண்டு மாதம் கழித்து, பதினைந்து வருடமாக அங்கே குடியிருக்கும் முன்னாள் செயலாளர் அதையே சொன்னார். கையில் கணக்குகூட இல்லை. ஏகமனதாக நிறைவேறியது! இவர்களுக்கு விஷயம் முக்கியமா, ஆள் முக்கியமா?

வாசகர், கோவை

அன்புள்ள வாசகருக்கு,

ஆள்தான். உங்கள் அடுக்ககத்தில் மட்டுமல்ல.

உளவியலாளர் ஜெஃப்ரி கோஹன் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஏழைகளுக்கான அரசு உதவித் திட்டம் ஒன்றை அமெரிக்க மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார். சிலருக்குத் தாராளமான திட்டம், சிலருக்குக் கறாரானது. கட்சிப் பெயர் இல்லாதபோது தாராளவாதிகள் முன்னதையும் பழமைவாதிகள் பின்னதையும் விரும்பினார்கள். எந்தக் கட்சி ஆதரிக்கிறது என்று ஒரு வரி சேர்ந்ததும் கதை மாறியது. தங்கள் கட்சியின் பெயர் இருந்தால் தாராளவாதிகள் கறாரான திட்டத்துக்கும் தலையாட்டினார்கள்; பழமைவாதிகள் தாராளமானதற்கும். என்னைக் கவர்ந்தது அடுத்ததுதான். கட்சி தங்களைப் பாதிக்கவில்லை என்றார்கள். மற்றவர்களை, அதிலும் எதிரணியினரைத்தான் பாதிக்குமாம்!

உங்கள் அண்டைவீட்டாரிடம் கேட்டுப்பாருங்கள். செயலாளர் தெளிவாக விளக்கினார் என்பார்கள். பொய் சொல்லவில்லை. தங்களில் ஒருவர் பேசும்போது காது உண்மையிலேயே திறக்கிறது.

உங்கள் கடிதத்தில் ஒரு சொல் கண்ணில் பட்டது. ‘பெங்களூரில் நாங்கள்’. அந்த ‘நாங்க’ளுக்குள் எதிரே உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் இடமில்லை. செயலாளர் ‘நாம்’ என்று தொடங்கியிருப்பார். ஆங்கிலத்தில் பேசியிருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பீர்கள், தமிழ் காட்டிக்கொடுத்துவிட்டது. ஆனால் நாளையே ‘நாம்’ போட்டுப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். எட்டு மாதக்காரரின் ‘நாம்’ கொஞ்சம் உறுத்தவும் செய்யும்.

நான் மட்டும் என்ன? என் கட்டுரையில் ஒரு பறவையின் பெயர் தவறு என்று முன்பின் தெரியாத ஒருவர் எழுதினார். படமும் அனுப்பியிருந்தார். அதிகப்பிரசங்கி என்று ஒதுக்கினேன். இருபது வருட நண்பர் டீ குடிக்கும்போது அதையே சொன்னார். அன்றிரவே திருத்தினேன். அந்தக் கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை.

செயலாளரிடம் கணக்கு இல்லை என்கிறீர்கள். நீங்கள் கொடுத்த தாள் இரண்டு மாதம் அவர் வீட்டு மேசையில் கிடந்திருக்கலாம் அல்லவா? ஒருமுறை போய்ப் பாருங்கள். மீட்டர் பொருத்த வருகிறவருக்கு எந்தக் குழாய் எங்கே போகிறது என்று காட்ட ஆள் தேவைப்படும். பெங்களூரில் செய்து பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.