நர்சிங் படிப்பில் திணறும் பிள்ளைகளுக்கு: கேள்வி பதில்

கே: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. அனாடமியில் (உடற்கூறு பாடம்) ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரமாகிறது. எனக்கு இந்தப் படிப்பு வராதா மேடம்? (மன்னார்குடி, முதல் செமஸ்டர்)

ப: வரும்மா. உன்னைத் தடுப்பது மொழிதான். சொல்லை உடைத்துப் படி. ஹெபட் கல்லீரல், நெஃப்ர் சிறுநீரகம். ஐடிஸ் என்று முடிந்தால் அழற்சி, எக்டமி என்றால் வெட்டி எடுப்பது. இந்த நாலு தெரிந்தால் ஹெபடைடிஸ், நெஃப்ரைடிஸ், நெஃப்ரெக்டமி மூன்றும் தானே புரியும். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை அம்மாவிடம் தமிழில் சொல். எங்கே திக்குகிறாயோ, அதை மட்டும் திரும்பப் படி.

கே: சலைன் சொட்டுக் கணக்கு தப்பாகவே வருகிறது. (திருத்துறைப்பூண்டி)

ப: வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப் பார்த்து வளர்ந்தவள்தானே? இவ்வளவு தண்ணீர், இவ்வளவு நேரம். அதே கணக்கு. 500 மில்லி, 8 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் (சலைன் இறங்கும் குழாய்). 500ஐ 20ஆல் பெருக்கினால் 10,000 சொட்டு. 8 மணி என்பது 480 நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 21 சொட்டு. மணியை நிமிடமாக்க மறப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். எல்லா செட்டும் 20 அல்ல, உறையைப் பார். எண்ணுக்குப் பக்கத்தில் அலகை எழுதாமல் கணக்குப் போடாதே.

கே: இன்சுலின்? (நாகை)

ப: மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், மில்லிக்கு 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு ஏறிவிடும். இங்கேயும் அலகுதான் உயிர்.

கே: தமிழில் சொல்லிப் பழகினால் பரீட்சையில் ஆங்கிலத்தில் எப்படி எழுதுவார்கள்? உங்கள் முதல் பதிலை ஏற்க முடியவில்லை. (கும்பகோணம், ஆசிரியர்)

ப: புரியாமல் ஒப்பித்த பிள்ளை, கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டாலே நின்றுவிடுகிறாள் சார். வார்டில் பெரியவர் ஒருவர் "நெஞ்சைப் பிசையுது, இடது கையெல்லாம் கடுக்குது" என்பார். அது மாரடைப்பாக இருக்கலாம் என்று அந்த நொடியில் அவளுக்கு உறைக்க வேண்டும். ஆங்கிலமும் வேண்டும்தான். புரிந்ததைத் தினம் ஐந்து வரி ஆங்கிலத்தில் எழுதட்டும், நாம் திருத்திக் கொடுப்போம்.

கே: அறுபது பேருக்குத் திருத்த நேரம் ஏது? (அவரே)

ப: நன்றாக எழுதும் மூன்றாமாண்டு மாணவி ஒருத்தியிடம் நாலு ஜூனியர்களை ஒப்படையுங்கள். மாலையில் அரை மணி போதும். சொல்லித்தருபவளுக்கும் பாடம் மனதில் நிற்கும். அறுபது பேருக்குப் பதினைந்து சீனியர்கள். நீங்கள் அந்தப் பதினைந்து பேரைப் பார்த்துக்கொண்டால் போதும்.

கே: முக்கியமான கேள்விகள் மட்டும் படித்தால் பாஸாகலாமா? (மூன்று பேர்)

ப: கூடாது. மூவருக்கும் இதுதான் பதில்.

கே: அரியர் கட்டணத்துக்குக் கடைசி நாள்? (மயிலாடுதுறை)

ப: கல்லூரி அலுவலகத்தில் கேளம்மா.

கே: சொட்டுக் கணக்குக்குச் சுலப வழி? (திருவாரூர்)

ப: மேலே விளக்கிவிட்டேன், படி. மில்லிக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட்டுக்கு மட்டும் ஒரு வழி உண்டு: மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. ஏன் அப்படி என்று நீயே போட்டுப் பார், அலகோடு.