தாய்லாந்துக் கறி ஏன் குருமாவாகிவிடுகிறது?

வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: உணவகத்தில் சாப்பிட்ட தாய் கிரீன் கறியை வீட்டில் செய்தால் வெள்ளைக் குருமாவின் சுவைதான் வருகிறது. தேங்காய்ப்பால், பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாம் சேர்த்துத்தான் செய்கிறேன். எங்கே தவறுகிறது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பொருள்களில் பெரிய பிழை இல்லை, தேங்காய்ப்பாலை நம் வழக்கப்படி சேர்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சொதியோ குருமாவோ வைக்கும்போது நாம் காய்களை இரண்டாம் பாலில் வேகவைத்து, கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, அது திரிந்துவிடாதபடி நுரை கூடியதும் இறக்கிவிடுகிறோம். தாய்லாந்தின் மரபு முறை இதற்கு நேர்மாறானது. அங்கே கெட்டிப்பாலைத்தான் முதலில் சட்டியில் ஊற்றுகிறார்கள். அது வற்றி, எண்ணெய் பிரிந்து மேலே மினுங்கும் வரை கிளறி, அந்த எண்ணெயிலேயே அரைத்த விழுதை மணம் எழும்ப வதக்கிய பிறகுதான் கோழியும் நீர்த்த பாலும் சேர்கின்றன. எலுமிச்சைப்புல், அரத்தை போன்றவற்றின் வாசனைப் பொருள்களில் பெரும்பகுதி தண்ணீரைவிட எண்ணெயில் எளிதாகக் கரைவதால், இந்த ஒரு படியைத் தவிர்த்தால் விழுது பாலில் வெறுமனே கொதித்துப் பச்சை வாடையோடு நின்றுவிடும். பெட்டியில் அடைத்து விற்கும் தேங்காய்ப்பால் சிலவற்றில் பிரியாமல் இருப்பதற்கான பொருள் கலந்திருக்கும்; அது எவ்வளவு வற்றினாலும் எண்ணெய் விடாது. அப்போது ஒரு கரண்டித் தேங்காய் எண்ணெயைச் சேர்த்து விழுதை வதக்கிக்கொள்ளுங்கள்.

விழுதிலும் கவனம் தேவை. பட்டை, கிராம்பு, சோம்பு, முந்திரி இவற்றில் எது சேர்ந்தாலும் அது குருமாவின் பக்கம் சாய்ந்துவிடும். பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, எலுமிச்சைப்புல்லின் அடித்தண்டு, வறுத்த மல்லி, சீரகம், வெள்ளை மிளகு, சிறிது இறால் விழுது ஆகியவற்றோடு கொத்தமல்லியின் வேரையும் சேர்த்து அரைக்க வேண்டும். நம் சந்தைகளில் கொத்தமல்லிக் கட்டு வேரோடுதான் கிடைக்கிறது. நாம் வெட்டி எறியும் அந்த வேர்தான் தாய்லாந்துச் சமையலின் அடிப்படை மணங்களில் ஒன்று என்பதால், மண் போகக் கழுவி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இஞ்சிக்குப் பதில் பேரரத்தை கிடைத்தால் நல்லது. அங்கே சேர்க்கும் மக்ரூட் எலுமிச்சை இலை நம் ஊரில் அரிது. வேப்பிலைக்கட்டிக்குப் பயன்படுத்தும் இளம் நாரத்தை இலையை நடுநரம்பு நீக்கிச் சேர்த்தால், மணம் அதேபோல் இராவிட்டாலும் உறவுடையதாக இருக்கும். இனிப்புக்குப் பனைவெல்லம் தயங்காமல் சேர்க்கலாம். தாய்லாந்தின் பெட்சபுரி மாகாணமே பனஞ்சர்க்கரைக்குப் பெயர் பெற்றது. நம் கருப்பட்டி நிறத்தைக் கருமையாக்கும் என்பதால் சிறிதளவு போதும். உப்புக்கு மீன் சாஸ். சைவமாகச் செய்வோர் இறால் விழுதை விட்டுவிட்டு, வெளிர் சோயா சாஸ் சேர்க்கலாம். இறக்கிய பிறகு கடுகும் கறிவேப்பிலையும் தாளிக்க வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: மொராக்கோவின் கோழித் தஜினுக்குக் கூம்பு மூடி வைத்த அந்த மண்பாத்திரம் கட்டாயமா? குக்கரில் செய்யலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பாத்திரம் கட்டாயமில்லை, கனமான மூடியுள்ள நம் மண்சட்டியே போதும். குக்கரை நான் பரிந்துரைக்கவில்லை. கோழி விரைவில் வெந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் இந்த உணவின் சுவை, துருவிய வெங்காயமும் கோழியின் சாறும் மிகச் சிறிய தீயில் மெல்ல வற்றிக் கெட்டியாவதில் இருக்கிறது. நீராவி வெளியேறாத குக்கரில் சாறு தண்ணீராகவே தங்கிவிடும். இஞ்சி, மஞ்சள், குங்குமப்பூ, மிளகு, ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றில் கோழியைப் புரட்டி, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு மூடி வையுங்கள். கடைசியில் ஆலிவ் காய்களும் உப்பு எலுமிச்சையும் சேரும். இந்த உப்பு எலுமிச்சை, மிளகாய்த்தூளும் எண்ணெயும் சேர்ப்பதற்கு முந்தைய நிலையில் இருக்கும் நம் வீட்டு ஊறுகாய்தான். சுமார் ஒரு மாதம் ஊறியதை எடுத்து, உள்சதையை நீக்கி, தோலை மட்டும் கழுவி நறுக்கிப் போடுங்கள். உப்பு அதிகம் என்பதால் கோழியில் முதலிலேயே முழு உப்பையும் சேர்த்துவிடாதீர்கள்.

கேள்வி: பாஸ்தாவில் சாஸ் ஒட்டாமல் தட்டின் அடியில் தேங்குகிறது. என்ன செய்வது?
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீரும் 10 கிராம் உப்பும் என்பது இத்தாலிய வீடுகளின் வழக்கமான கணக்கு. தண்ணீரில் எண்ணெய் விடாதீர்கள். வெந்ததைக் குழாய் நீரில் அலசவும் வேண்டாம், ஏனெனில் மேலே படிந்திருக்கும் மாவுச்சத்துதான் சாஸைப் பிடித்துக்கொள்கிறது. உறையில் குறித்த நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே எடுத்து, கொதிக்கும் சாஸில் போட்டு, வேகவைத்த நீரில் ஒரு கரண்டி ஊற்றிக் கிளறினால் சாஸ் பாஸ்தாவின் மேல் பளபளவென்று படியும்.