முனைவர் பட்டம்: யார் கேள்வி கேட்கிறார்கள்?

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கமுங்க. கோபிச்செட்டிப்பாளையம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் எட்டு வருடமாகத் தமிழ் நடத்துகிறேன். முனைவர் பட்டம் வாங்காவிட்டால் வேலை நிலைக்காது என்று நிர்வாகத்தில் சொல்லிவிட்டார்கள். பகுதிநேரமாகப் பதிவு செய்யலாம் என்றிருக்கிறேன். அந்தியூர்ப் பக்கத்தில் என் அம்மிச்சியும் அவர் வயதுப் பெண்களும் பாடும் ஒப்பாரிகளை ஆய்வு செய்ய ஆசை. நெறியாளராக இருக்க ஒப்புக்கொண்டவர், "அதெல்லாம் அலைச்சல்ம்மா. நூலகத்தில் புத்தகம் கிடைக்கிற தலைப்பாக எடுங்க, மூணு வருசத்துல முடிச்சிரலாம்" என்கிறார்.

என் அண்ணன் மகள் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பயிர் இனப்பெருக்கத்தில் முனைவர் பட்டம் செய்கிறாள். பாடம், தேர்வு, வயல், குழுவுக்கு முன்னால் விளக்கம் என்று ஓடிக்கொண்டே இருக்கிறாள். "அத்தை, உங்களுக்கு இதெல்லாம் கிடையாதா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பட்டம் ஒன்றுதானே, ஏன் இப்படி? தமிழில் செய்வது தரம் குறைந்ததா அண்ணா?

க., கோபி

அன்புள்ள க.,

உங்கள் அண்ணன் மகள் சரியான இடத்தில் கைவைத்திருக்கிறாள். அவள் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

அவள் துறையில் யாரும் தனியாக ஒளிந்துகொள்ள முடியாது. பயிர் வயலில் நிற்கிறது; குழுவில் இருப்பவர்கள் வரப்பில் நின்று பார்க்கலாம். ஒரு பருவத்தில் கிடைத்த முடிவு அடுத்த பருவத்திலும் வருகிறதா என்று பார்த்தாக வேண்டும். இன்னொன்றும் உண்டு. கோவையில் 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுக் கரும்பைப் பயிர்க் கரும்போடு கலந்து உருவாக்கிய கோ 205 ரகம் அங்கிருந்துதான் 1918இல் வெளிவந்தது. இன்றைக்கு ஒரு கரும்பு ரகம் கலப்பிலிருந்து உழவர் கைக்குப் போய்ச் சேரப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு மாணவர் அதுவரை காத்திருக்க முடியாது. அந்த நீண்ட வேலையில் ஒரு கண்ணியைப் பிடித்து, மூன்று நான்கு வருடத்தில் விடை காணக்கூடிய கேள்வியாக அதை வெட்டி எடுக்க வேண்டும். இதை அந்தத் துறை தன் மாணவர்களுக்குப் பழக்கிவிடுகிறது. நம் துறையில் 'சங்க இலக்கியத்தில் பெண்' என்று கடலையே தலைப்பாக வைத்துக்கொண்டு உட்காருகிறோம்.

கணிதம் வேறு மாதிரி. ஜான் நாஷ் 1950இல் பிரின்ஸ்டனில் கொடுத்த ஆய்வேடு 28 பக்கம்தான். பின்னாளில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததே அந்த வேலைக்காகத்தான். நம் துறையில் ஆய்வேட்டைப் பார்த்தவுடன் "எத்தனை பக்கம்?" என்று கேட்கிற வழக்கம் இருக்கிறது. எனக்கு அது ரொம்பவும் வருத்தம் தருகிறது.

துறைக்குத் துறை வழி வேறுபடுவதில் தவறே இல்லை, வேறுபடத்தான் வேண்டும். அமெரிக்காவில் கார்னகி அறக்கட்டளை 2000களின் தொடக்கத்தில் ஆறு பாடங்களைச் சேர்ந்த 84 பல்கலைக்கழகத் துறைகளைச் சேர்த்துக்கொண்டு, இந்தப் பட்டம் எதற்காக, அந்த நோக்கத்துக்கு நம் திட்டம் பொருந்துகிறதா என்று யோசிக்கச் சொன்னது. வேதியியலும் நரம்பியலும் கணிதமும் அதில் இருந்தன, ஆங்கில இலக்கியமும் வரலாறும் கல்வியியலும் இருந்தன. அங்கே நரம்பியல் மாணவர் முதல் வருடம் இரண்டு மூன்று ஆய்வகங்களில் மாறி மாறி வேலை பார்த்துவிட்டுத்தான் நெறியாளரைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். அதற்குப் பிறகும் ஆய்வகத்தில் நாலு பேர் கண்ணில் தினமும் படுகிறார். இலக்கிய மாணவரோ புத்தகத்தோடு தனியாக உட்கார்ந்துவிடுகிறார். ஆறு மாதம் என்ன செய்தார் என்று பக்கத்து அறைக்காரருக்குக்கூடத் தெரியாது. அப்படியானால் நம்மைப் போன்ற துறைகளுக்குத்தான் இடையிடையே கூட்டி வைத்துக் கேட்கிற ஏற்பாடு அதிகம் வேண்டும். நம்மிடம் அதுதான் குறைவு. உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான் க. தமிழ் ஆய்வுக்கு ஒரு குறையும் இல்லை; அதைச் செய்கிறவரை இடைவழியில் யாரும் கேள்வி கேட்பதில்லை.

விதி இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட ஒழுங்குமுறைப்படி குறைந்தது 12 கிரெடிட் பாடம் படிக்க வேண்டும். குறைந்தது மூன்று வருடம், அதிகம் ஆறு வருடம். பெண்களுக்கு மேலும் இரண்டு வருடம் தரலாம். ஒவ்வொரு செமஸ்டரிலும் ஆலோசனைக் குழு முன்னால் வேலையை விளக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆய்வேடு கொடுப்பதற்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்று 2016 விதியில் இருந்ததை இதில் எடுத்துவிட்டார்கள். நான் அதை வரவேற்கிறேன். காசு கொடுத்தால் எதையும் அச்சடிக்கிற இதழ்கள் அந்த விதியை வைத்துத்தான் கொழுத்தன. ஆனால் செமஸ்டர் தோறும் குழு கூடுவது பல இடங்களில் படிவத்தில் மூன்று கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடுகிறது.

என் கதையே அதுதான். நாட்டுப்புறப் பாடல்களில்தான் நானும் பட்டம் வாங்கினேன். நாலரை வருடம். குழு ஒருமுறைகூட உட்கார்ந்து பேசவில்லை. கையெழுத்துக்காக நான்தான் வீடு வீடாகப் போனேன். கடைசியில் வாய்மொழித் தேர்வு. பொன்னாடை, பழத்தட்டு எல்லாம் தயாராக இருந்தது. வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒரு பாட்டைக் காட்டி, "இதை யார் பாடினாங்க? எப்போ பாடுவாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அச்சான தொகுப்பிலிருந்து எடுத்த பாட்டு அது. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை, பட்டமும் கிடைத்தது. அம்மா சந்தோசத்தில் அழுதார். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அதே கேள்வியை இரண்டாம் வருடத்தில் ஒருவர் கேட்டிருந்தால் நான் ஊர் ஊராகப் போயிருப்பேன். அப்போது பாடத் தெரிந்தவர்கள் பலர் உயிரோடு இருந்தார்கள்.

அதனால்தான் உங்கள் நெறியாளர் சொன்னதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில் ஆக்ஸ்ஃபோர்டு பட்டத்துக்காகக் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் வந்து சுமார் இரண்டு வருடம் தங்கினார். 1965இல் அங்கேதான் நம் கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணன்மார் கதையைப் பாடகர்கள் பாடப் பாட ஒலிப்பதிவு செய்தார். நூலகத்தில் இல்லாததைத் தேடித்தான் அவர் கடல் தாண்டி வந்தார். உங்களுக்கோ அது பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கிறது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? முதலில், உதவிப் பேராசிரியராகச் சேருவதற்கு நெட், செட் தகுதித் தேர்வில் தேறியிருந்தால் போதும், முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்று 2023இல் மானியக் குழு தெளிவாக்கிவிட்டது. உங்களிடம் அந்தத் தகுதி இருந்தால் நிர்வாகத்தில் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். அவசரம் கொஞ்சம் குறையும்.

அப்புறம் நெறியாளர். அவரிடம் பட்டம் வாங்கியவர்களின் ஆய்வேடுகளை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் தேடி மூன்றையாவது படியுங்கள். முன்னுரையை விட்டுவிட்டுப் பின்னிணைப்பைப் பாருங்கள். பாடியவர் பெயர், ஊர், தேதி இருக்கிறதா? அந்த மாணவர்களிடம் ஃபோனில் பேசி, கொடுத்த இயல் கடைசியாக எப்போது திருத்தத்தோடு திரும்பி வந்தது என்று கேளுங்கள். அவரிடம் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் விசாரியுங்கள். பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் வைத்துக்கொள்ளலாம். பதில்கள் திருப்தியாக இல்லையென்றால் வேறு ஆளைத் தேடுங்கள். ஆறு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

குழு கூடாவிட்டால் நீங்களே கூட்டுங்கள். கோபியிலும் ஈரோட்டிலும் உங்களைப் போலப் பகுதிநேரமாகச் செய்பவர்கள் இருப்பார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆளுக்குப் பத்துப் பக்கம். உங்கள் அண்ணன் மகளையும் கூப்பிடுங்கள். தமிழ் ஆய்வில் அவளுக்கு என்ன வேலை என்று நினைக்காதீர்கள். எத்தனை பேரிடம் பதிவு செய்தீர்கள், ஏன் அந்த ஊர், மற்ற ஊரிலும் இப்படித்தானா என்று அவள்தான் கேட்பாள்.

ஒன்றை மட்டும் எதற்காகவும் தள்ளிப்போடாதீர்கள். பதிவு எண் வருகிறதோ இல்லையோ, அம்மிச்சி பாடுவதை இந்த மாதமே ஒலிப்பதிவு செய்துவிடுங்கள். வீட்டுக்குள் ஒப்பாரி வைக்கச் சொன்னால் ஆகாது என்பார்கள். தோட்டத்துச் சாளைக்குக் கூட்டிப்போய், களத்து மேட்டில் உட்காரவைத்து, முதலில் யாருக்காகப் பாடினார் என்று பேச விடுங்கள். பாட்டு தானாக வரும். தேதியையும், அவர் யாரை நினைத்துப் பாடினார் என்பதையும் அன்றைக்கே நோட்டில் எழுதி வையுங்கள்.

அன்புடன்,
அண்ணன்