புறக்கோள் தேடலாம் வாங்க: டர்பன் அன்பர்களுக்குப் பதில்கள்

டெலஸ்கோப் இல்லை. நானும் தேடலாமா? (சாட்ஸ்வர்த்)

தாராளமாக, அக்கா. புறக்கோள் என்றால் வேறு விண்மீனைச் சுற்றும் கோள். அதைத் தேட பிளானட் ஹண்டர்ஸ் டெஸ் என்ற இணையதளத்துக்குப் போனாலே போதும். நாசாவின் டெஸ் விண்கலம் வானத்தில் ஒரு பகுதியை ஏறக்குறைய 27 நாள் பார்க்கும். விண்மீனின் ஒளி திரையில் புள்ளிகளாக வரும். குறுக்கே கோள் போனால் சில மணி நேரம் புள்ளிகள் இறங்கி ஏறும். அந்தப் பள்ளத்தைக் குறியுங்கள். ஆனால் பள்ளம் கண்டதும் கோள் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள்! ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்களும் இப்படித்தான் ஏமாற்றும். அடி கூராக இருந்தாலோ, ஆழம் ஒன்றுவிட்டு ஒன்று மாறினாலோ சந்தேகப்படுங்கள்.

கம்ப்யூட்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்? (பீனிக்ஸ்)

தெரிந்திருக்கிறது, தம்பி. 2012-இல் அறிவிக்கப்பட்ட பிஎச்1 என்ற புறக்கோளை கெப்ளர் விண்தொலைநோக்கியின் தரவில் முதலில் கவனித்தவர்கள் கியான் ஜெக், ராபர்ட் காக்லியானோ என்ற இரண்டு தன்னார்வலர்கள். அது இரண்டு சூரியன்களைச் சேர்த்து ஏறக்குறைய 138 நாளில் சுற்றுகிறது. சூரியன்களே நகர்வதால் பள்ளம் சீரான இடைவெளியில் விழாது. சீராகத் திரும்புவதைத் தேடும் நிரலுக்கு அது சிக்குவது கடினம்.

அது பழைய கதை, அண்ணா. இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே? (அதே தம்பி)

அடிக்கடி திரும்பும் பள்ளத்தில் இயந்திரம் கெட்டிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை சுற்றும் கோள் 27 நாளில் மிஞ்சிப்போனால் ஒரு தடவைதான் தலைகாட்டும். அந்த ஒற்றைப் பள்ளம் கோளா, கருவிக் கோளாறா என்று நிதானமாகப் பார்க்கக் கண் வேண்டும். இந்த இடத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கண்டுபிடித்தால் என் பெயர் வைப்பார்களா?

மாட்டார்கள். ஆய்வுக் கட்டுரையில் உங்கள் பெயர் வரலாம். பெயர் வைப்பது சர்வதேச வானியல் ஒன்றியம்; அது நடத்திய 2019 பெயர்சூட்டலில் நம் நாட்டுக்குக் கிடைத்த வாஸ்ப்-62 விண்மீன் நலேடி ஆனது, அதன் கோள் குரோட்டோவா ஆனது.

என் மகள் பெயரையாவது?

மேலே படியுங்கள், ஐயா.

புறக்கோள்களால் ராசிபலன் மாறுமா?

என் துறை இல்லை.

8 அங்குல டெலஸ்கோப்பும் கேமராவும் இருக்கின்றன. எதைப் பார்க்க? (டோங்காட்)

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்! வாஸ்ப்-19பி என்ற புறக்கோள். 19 மணி நேரத்துக்கும் குறைவாக ஒரு சுற்று, ஒளி சுமார் 2 சதவீதம் குறையும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் முன்னிரவில் நமக்கு உயரத்தில் நிற்கும். கடப்பு, அதாவது விண்மீனின் குறுக்கே கோள் போகும் நேரம், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் சேர்த்துப் படமெடுங்கள். பக்கத்து விண்மீன்கள் சிலவற்றோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும், இல்லாவிட்டால் மெல்லிய மேகம்கூடக் கோளாகத் தெரியும். கடற்கரைப் பனி லென்ஸில் படியும், சூடேற்றும் பட்டை கட்டுங்கள். மின்வெட்டுக்கு பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள். அளவீடுகளை நாசாவின் எக்ஸோபிளானட் வாட்ச் திட்டத்துக்கு அனுப்பலாம்.