டிரைவ் ஓடும்போது மட்டும் ரீடிங் ஏன் விட்டுவிட்டு வருகிறது?

கேள்வி: பம்ப் அறையில் இருக்கும் மீட்டர்களும் இன்வெர்ட்டர் டிரைவ்களும் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகள்) ஆர்எஸ்-485 எனும் தகவல் கேபிள் மூலம் பிஎல்சியுடன் (எல்லாவற்றையும் இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) இணைந்துள்ளன. டிரைவ் நின்றிருந்தால் ரீடிங் ஒழுங்காக வருகிறது. ஓடினால் ‘கம்யூனிகேஷன் எரர்’. மோட்டார் கேபிள் போகும் அதே டிரேயில்தான் இந்தத் தகவல் கேபிளும் போகிறது, ஆனால் ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோகப் பின்னல்) உள்ள கேபிள். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள் என்கிறார் எலக்ட்ரீஷியன். இரண்டு முனையிலும் என்கிறார் டிரைவ் கொடுத்தவர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இந்த விஷயத்தில் டிரைவ் கொடுத்தவர் பேச்சைக் கேளுங்கள். எலக்ட்ரீஷியன் சொல்வதும் தப்பில்லை. 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அனலாக் சிக்னலில் ஏறாமலிருக்க வந்த பழக்கம் அது. உங்களுக்குத் தொல்லை தருவது அதுவல்ல. டிரைவுக்குள் இருக்கும் ஐஜிபிடி எனும் மின்னணு ஸ்விட்ச், மைக்ரோ நொடிக்கும் குறைந்த நேரத்தில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்குகிறது. அதிலிருந்து கிளம்பும் இரைச்சல் மெகாஹெர்ட்ஸ் வரை போகும். அதைத் தடுக்க ஷீல்டு இரு முனையிலும் எர்த் ஆகியிருக்க வேண்டும். இரண்டு பேனல்களின் எர்த்துக்கு நடுவே வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால் ஷீல்டிலேயே கரன்ட் ஓடும். அதனால் முதலில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் கேபிளோடு சேர்த்துத் தடித்த பாண்டிங் கம்பி ஒன்றை இழுத்து, இரண்டு எர்த்தையும் இணைத்துவிடுங்கள்.

எர்த் செய்யும் விதத்தில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். ஷீல்டின் பின்னலைப் பிரித்து, முறுக்கி, வால் மாதிரி இழுத்து டெர்மினல் ஸ்க்ரூவில் மாட்டுவார்கள். பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கும். ஆனால் 10 சென்டிமீட்டர் வாலின் இண்டக்டன்ஸ் (வேகமாக மாறும் கரன்டை எதிர்க்கும் குணம்) ஏறக்குறைய 100 நானோஹென்றி. 10 மெகாஹெர்ட்ஸில் அது 6 ஓம் தடையாக நிற்கும். இரைச்சல் எர்த்துக்குப் போகாமல் உள்ளேயே சுற்றும். வெளி உறையை மட்டும் சீவி, பின்னலைச் சுற்றிலும் கவ்வும் உலோகக் கிளாம்ப்பைப் போட்டு மவுன்டிங் பிளேட்டில் இறுக்குங்கள். அந்த இடத்துப் பெயின்டைச் சுரண்ட மறக்காதீர்கள். மோட்டார் கேபிளும் ஷீல்டு உள்ளதாக, டிரைவ் பக்கமும் மோட்டார் பக்கமும் இப்படியே கவ்வப்பட்டிருந்தால் பாதித் தொல்லை கிளம்பும் இடத்திலேயே அடங்கிவிடும்.

அப்புறம், அந்த டிரேயை மாற்றியே ஆக வேண்டும். மோட்டார் கேபிளுக்கும் தகவல் கேபிளுக்கும் குறைந்தது 20 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். நீளமாகப் பக்கத்தில் ஓடினால் இன்னும் அதிகம். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்கோணமாகக் கடக்கட்டும்.

பாட் ரேட்டை (தகவல் அனுப்பும் வேகத்தை) குறைத்துப் பாருங்கள் என்று யாராவது சொல்வார்கள். எரர் குறைந்த மாதிரி தெரியும், நோய் அப்படியே இருக்கும். அதற்குப் பதில் எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு, தகவல் கேபிளின் ஏ, பி கம்பிகளுக்கு இடையே ஓம் அளந்து பாருங்கள். 60 ஓம் சுமார் வந்தால் இரு கோடியிலும் 120 ஓம் டெர்மினேஷன் (சிக்னல் திரும்பி எதிரொலிக்காமல் இருக்கக் கேபிள் முனையில் போடும் ரெசிஸ்டர்) இருக்கிறது. 120 காட்டினால் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. 40 காட்டினால் நடுவில் ஏதோ ஒரு மீட்டரின் டெர்மினேஷன் ஸ்விட்ச்சை யாரோ ஆன் செய்து வைத்திருக்கிறார்கள். முதலில் அதைத் தேடி ஆஃப் செய்யுங்கள்.