காதால் கேட்டுக் கிட்டார் வாசிப்பது: கேள்வி பதில்

கேள்வி: எந்தத் தந்தியில் எந்த இடத்தை அழுத்த வேண்டும் என்று எண்களால் காட்டும் டேப்லெச்சரைப் பார்த்து இரண்டு வருடமாக வாசிக்கிறேன். அது கிடைக்காத பாட்டென்றால் விரல் நகர மறுக்கிறது. காதால் கேட்டு வாசிக்கப் பிறவி ஞானம் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. ஓர் ஒலியைக் கேட்டவுடன் எந்தத் துணையும் இல்லாமல் ‘இது ஜி ஷார்ப்’ என்று பெயர் சொல்லும் ஆற்றல் மிகச் சிலருக்கே உண்டு; தேர்ந்த கலைஞர்களிலும் பலருக்கு அது கிடையாது. நமக்குத் தேவை, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரம் எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று உணர்வது மட்டுமே. பக்கத்தில் ஒருவர் சுருதி விலகிப் பாடும்போது நீங்கள் முகம் சுளிப்பீர்களானால், அந்த உணர்வு ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. அது விரல்வரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

நன்றாகத் தெரிந்த பாடலில் ஐந்தாறு ஸ்வரங்களுக்கு மேல் போகாத ஒரு துண்டைக் கேட்டுவிட்டு, ஒலியை நிறுத்துங்கள். கிட்டாரைத் தொடாமல் அதை முனகிப் பாருங்கள். பிறகு முதல் ஸ்வரத்தைக் குரலில் நீட்டிப் பிடித்துக்கொண்டு, மூன்றாம் தந்தியில் மட்டும் (மெல்லியதே முதல் தந்தி, மிகக் கனத்தது ஆறாம் தந்தி) ஒவ்வொரு ஃபிரெட்டாக, அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள் பிரிக்கும் ஒவ்வொரு கட்டமாக ஏறி, குரலும் தந்தியும் பிரித்தறிய முடியாமல் கலந்துபோகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அடுத்த ஸ்வரத்தையும் முதலில் பாடி, அது ஏறியதா இறங்கியதா, கொஞ்சமா நிறையவா என்று மனத்தில் முடிவு செய்த பிறகே விரலை நகர்த்துங்கள். ஒரே தந்தியில் தேடச் சொல்வதற்குக் காரணம், காது உணரும் ஏற்ற இறக்கம் அங்கே அப்படியே விரலின் தூரமாகத் தெரியும் என்பதுதான். குரலில் வராத ஒன்றை விரல் தேடினால் அது வெறும் ஊகம். பத்து ஃபிரெட்டைத் தட்டிப் பார்த்ததில் ஒன்று பொருந்திவிட்டாலும், காது எதையும் கற்றுக்கொண்டிருக்காது.

கேள்வி: எல்லாவற்றுக்கும் பாடச் சொல்கிறீர்கள். நான் பாடினால் வீட்டில் கதவைச் சாத்திவிடுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: சாத்திய கதவுக்குப் பின்னாலேயே முனகுங்கள், குரலினிமை இங்கே பொருட்டே அல்ல. பாடகரின் உயரம் எட்டவில்லை என்றால் ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடலாம். தந்தியின் நீளத்தைச் சரிபாதியாக்கும் 12ஆம் ஃபிரெட்டில் அதே ஸ்வரம்தானே மேல் ஸ்தாயியில் கேட்கிறது? முனகலே சுருதியில் நிற்கவில்லை என்றால் பயிற்சியைத் திருப்பிப் போடுங்கள்: ஒரு தந்தியை மீட்டி, அது அடங்குவதற்குள் குரலை அதனோடு சேர்க்கப் பாருங்கள். சில வாரங்களிலேயே வித்தியாசம் தெரியும்.

கேள்வி: பாட்டு எந்த ஸ்கேலில், அதாவது எந்த ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்ட வரிசையில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தொடங்கும் கார்டுதான் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்தான்) ஸ்கேல் என்று ஒருவர் சொன்னார்.

பதில்: பல பாடல்களில் அது பொருந்தும், பொருந்தாத பாடல்களும் ஏராளம் என்பதால் அதை நம்பிக் காலை வைக்காதீர்கள். முடிவை நம்புவது மேல். பல்லவி முடிந்து மூச்சு விடும் இடத்தில் ஒலியை நிறுத்தினால், ‘இங்கே வந்து உட்கார்ந்தாயிற்று’ என்று மனம் சொல்லும் ஒரு ஸ்வரம் இருக்கும். அதுதான் ஆதார சுருதி. அதை முனகியபடி ஆறாம் தந்தியில் தேடுங்கள். மொத்தம் 12 ஸ்வரங்களே இருப்பதால் நெடுநேரம் ஆகாது. கிடைத்ததும், அதே தந்தியில் அதற்கு நான்கு ஃபிரெட் மேலே உள்ள ஸ்வரமும் மூன்று ஃபிரெட் மேலே உள்ள ஸ்வரமும் பாட்டோடு எப்படி ஒட்டுகின்றன என்று பாருங்கள். நான்கு ஒட்டினால் மேஜர். மூன்று ஒட்டினால் மைனர்.

கேள்வி: மெட்டைப் பிடித்துவிடுகிறேன். கார்டு மாறுவதும் தெரிகிறது. எதிலிருந்து எதற்கு மாறியது என்பதுதான் பிடிபடவில்லை.

பதில்: அதிகம் பேர் கேட்டிருப்பது இதைத்தான். கார்டில் உள்ள எல்லா ஸ்வரங்களையும் ஒரே நேரத்தில் கேட்க முயல்வதால்தான் குழம்புகிறீர்கள். அடியில் ஓடும் பேஸ் கிட்டாரை மட்டும் கேளுங்கள். கார்டு மாறும் முதல் தட்டில் அது பெரும்பாலும் அந்தக் கார்டுக்குப் பெயர் தரும் மூல ஸ்வரத்தையே வாசிக்கும். பேஸ் கிட்டாரின் கனத்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்வது. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் அந்த ஆழம் வராது. ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டதுமே பாதிச் சிக்கல் தீர்ந்துவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் முறை கேட்கும்போது பெயர்களைத் தேடாமல், எத்தனை தட்டுக்கு ஒருமுறை மாறுகிறது என்று மட்டும் காகிதத்தில் கோடு போடுங்கள். இரண்டாம் முறை, ஒவ்வொரு கோட்டிலும் பேஸை முனகி, ஐந்தாம், ஆறாம் தந்திகளில் இடம் கண்டுபிடியுங்கள். பாட்டின் ஸ்கேல் ஜி மேஜர் என்று வைத்துக்கொள்வோம். ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் நின்ற பேஸ் ஐந்தாம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டுக்குப் போனால் சி. அங்கிருந்து இரண்டு ஃபிரெட் ஏறினால் டி. ஆறாம் தந்தியைத் திறந்து மீட்டினால் பொருந்துகிறது என்றால் அநேகமாக இ மைனர். இந்த நான்கு கார்டுக்குள் அடங்கிவிடும் பாடல்கள் எத்தனையோ உண்டு. ஏ மைனரும் பி மைனரும் இதே குடும்பம்தான். எஃப் மேஜர் போல வெளியிலிருந்து வரும் விருந்தாளியும் சில பாடல்களில் உண்டு.

மேஜரா மைனரா என்ற ஐயம் வந்தால், இ மேஜரைப் பிடித்து மீட்டிவிட்டு, மூன்றாம் தந்தியின் முதல் ஃபிரெட்டில் உள்ள விரலை மட்டும் எடுத்துவிட்டு மீண்டும் மீட்டுங்கள். ஒரே ஒரு ஸ்வரம் அரைப்படி, அதாவது ஒரு ஃபிரெட் இறங்கியதில் முகமே மாறிவிடுவது கேட்கும். தினமும் பத்து முறை இதைச் செய்தால் அந்த வேறுபாடு காதில் ஊறிவிடும்.

ஒரு பொறியும் உண்டு. பேஸ் பி என்று தெளிவாகக் கேட்கும். பி மைனரை வைத்தால் ஒட்டாது. அப்போது ஜி மேஜரை வைத்துப் பாருங்கள். பி என்பது ஜி மேஜருக்குள் இருக்கும் ஸ்வரம். பேஸ் வாசிப்பவர் மூலத்தை விட்டு அதைப் பிடித்திருப்பார்.

கேள்வி: ஒரு பழைய பாட்டில் எந்த ஃபிரெட்டும் பொருந்தவில்லை. ஒன்றில் குறைகிறது, அடுத்ததில் கூடுகிறது.

பதில்: பழுது உங்கள் காதில் இல்லை. ஒலிநாடா ஓடிய வேகம் சற்று மாறினாலும் சுருதி மாறிவிடும். சுமார் 6 சதவீத வேக மாற்றத்துக்கே ஓர் அரைப்படி நகர்ந்துவிடும். பாட்டை மாற்ற முடியாது என்பதால் கிட்டாரை அதற்கேற்பச் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐந்தாம், ஏழாம் ஃபிரெட் ஹார்மோனிக்ஸை (தந்தியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு மீட்டினால் வரும் மணி போன்ற ஒலியை) வைத்துச் சுருதி சேர்க்கிறேன். ஒவ்வொரு ஜோடியும் சுத்தமாக இருக்கிறது, ஆனால் கார்டு பிடித்தால் ஏதோ உறுத்துகிறது.

பதில்: சுத்தமாக இருப்பதுதான் சிக்கல். ஆறாம் தந்தி 82.41 ஹெர்ட்ஸ், அதன் ஐந்தாம் ஃபிரெட் ஹார்மோனிக் நான்கு மடங்கு, அதாவது ஏறத்தாழ 329.6. ஐந்தாம் தந்தி 110. அதன் ஏழாம் ஃபிரெட் ஹார்மோனிக் மூன்று மடங்கு, 330. ஃபிரெட்டுகள் 12 சமப் பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் இந்த இரண்டும் முற்றிலும் ஒன்றாகக் கூடாது. மூன்று விநாடிக்கு ஒருமுறை ஒலி மெல்ல அலைவதுதான் சரியான நிலை. அந்த அலையையும் நீங்கள் அடக்கிவிடும்போது ஒவ்வொரு தந்தியிலும் சிறு பிழை சேர்ந்துகொண்டே போகிறது. ஐந்தாம் ஃபிரெட்டை அழுத்தி அடுத்த திறந்த தந்தியோடு ஒப்பிடும் பழைய முறைக்கு இந்தக் குறை இல்லை. மூன்றாம் தந்தியில் மட்டும் நான்காம் ஃபிரெட் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: கிட்டார் தனித்து மெட்டு வாசிக்கும் வேகமான லீட் பகுதிகளை எப்படிப் பிடிப்பது?

பதில்: சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கும் செயலிகளில் பாதி வேகத்துக்கு இறக்கிக் கேளுங்கள். அதற்கும் கீழே போனால் ஒலி குழைந்துவிடும். தந்தியை வளைக்கும் இடங்களில் போய்ச் சேரும் ஸ்வரத்தை முதலில் சாதாரணமாக அழுத்திக் கேட்டுவிட்டு, பிறகு அந்த உயரத்துக்கு வளைத்துப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் டேப்லெச்சரை அடியோடு விட்டுவிட வேண்டுமா?

பதில்: தேவையில்லை. நீங்களே கண்டுபிடித்து எழுதிய பிறகு விடைத்தாளைப் போலப் பாருங்கள். பிறர் எழுதியதிலும் தவறு இருக்கும் என்பதால், உங்கள் விடை வேறாக இருந்தால் உடனே அடித்துவிடாதீர்கள்.

கேள்வி: நான் கண்டுபிடித்தது சரிதானா என்று யாரிடம் கேட்பது?

பதில்: பாட்டிடமே கேளுங்கள். மூலப் பாடலை ஓடவிட்டு, அதனோடு சேர்ந்து வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். வாசிக்கும்போது கவனம் முழுவதும் விரலில் இருப்பதால் பிழை தப்பிவிடும். மறுநாள் காலையில் அந்தப் பதிவைக் கேட்டால், எந்தத் தட்டில் கார்டு இடிக்கிறது என்று கிட்டாரை எடுக்காமலேயே சொல்லிவிடுவீர்கள்.